புகைக்கூண்டுக்கு வெள்ளை அடிச்ச கதை

எங்க வூட்டு ஆளும் எங்கண்ணனும் பேசிக்க மாட்டாங்க. பேசாம இருக்கறதுன்னா மூஞ்சியத் திருப்பிக்கினு போயிடறதுன்னு நெனச்சிக்காத. அப்பிடி இருந்தா நான் ஏன் பொலம்பப் போறேன்? ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டியத எல்லாம் என்கிட்ட சொல்வாங்க. அதுவும் எதிரெதிர நின்னுகினு. "செல்வம், உங்கண்ணன அந்தப் படக கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லு"ம்பாரு என் புருஷன் எல்லப்பன். எங்கண்ணன் மூர்த்தி அங்கியேதான் நிப்பான். காதுல உழுந்திருக்கும். ஆனா என் மூஞ்சியத்தான் பாப்பான். நான் வேற, "ண்ணா, படகத் தள்ளிக் கட்டணுமாம்"னு சொல்லணும். "முடியாதுன்னு சொல்லு"ம்பான். இந்தப் பக்கம் திரும்பி, "முடியாதாம்யா"ம்பேன். தபால்காரனுக்காவது சைக்கிள் குடுக்கறாங்க. எனக்கு இன்னா குடுத்தாங்க? வாய் வலி.

நான் பொறந்தது வடகுப்பம், வாக்கப்பட்டது தென்குப்பம். ரெண்டுக்கும் நடுவுல பழவேற்காட்டு ஏரி. எங்க ஏரில வலை போடறதுக்குப் பாடுன்னு ஒரு முறை உண்டு. யாருக்கு எந்த நாளு, எந்த எடம்னு சீட்டுப் போட்டு எடுப்பாங்க. சீட்டுல வந்த எடத்துலதான் எறங்கணும். ஒரு ஊரு தண்ணில இன்னொரு ஊரு வலை உழக்கூடாது. சரி, தண்ணில எப்பிடிக் கோடு போடுவ? கரையப் பாத்துத்தான்.

கால்வா ஓரத்துல வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கம்பெனி ஒண்ணு கெடந்துச்சு. ஏரிக் கிளிஞ்சல வாரியாந்து சூளைல சுட்டு, சுண்ணாம்பாக்கி, படகுல பட்டணத்துக்கு அனுப்பிகினு இருந்த கம்பெனி. மூடி ரொம்பக் காலம் ஆயிப்போச்சு. கூரை இல்ல, கதவு இல்ல, செங்கல்லால கட்டுன புகைக்கூண்டு மட்டும் நின்னுகினு இருந்துச்சு. ஏரில நின்னு பாக்கறப்போ அந்தக் கூண்டும், அதுக்குப் பின்னால தூரத்துல தெரியற லைட்டவுசும் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சுன்னா, நீ கோட்டு மேல கீறன்னு அர்த்தம். லைட்டவுசு கூண்டுக்கு வலப்பக்கம் தெரிஞ்சா அது தென்குப்பத்துத் தண்ணி, இடப்பக்கம் தெரிஞ்சா வடகுப்பத்துத் தண்ணி. இதுல எவனும் எவனையும் டபாய்க்க முடியாது.

போன எறா சீசன்ல என் வூட்டு ஆளு வலையோட வாலு கோட்டத் தாண்டிப் போச்சுன்னு எங்கண்ணன் கத்த, தாண்டலன்னு இவரு கத்த, ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளயே சட்டையப் புடிச்சிக்கினாங்க. ஊருப் பெரியவங்க ரெண்டு பேரையும் ஒரே படகுல ஏத்திக்கினு போய், கூண்டையும் லைட்டவுசையும் காட்டி, "தாண்டியிருக்குது, ஆனா கொஞ்சந்தான்"னு தீத்து வெச்சாங்க. தீர்ப்ப ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்க. பேச்சத்தான் உட்டுட்டாங்க.

அதோட போச்சா? பொன்னேரி காண்ட்ராக்டர் ஒருத்தன் அந்தக் கூண்ட இடிச்சு செங்கல் எடுத்துக்கறேன்னு மனு போட்டுட்டான். இது தெரிஞ்ச அன்னிக்கு என் புருஷன் சாப்பாட்டுத் தட்டத் தள்ளிட்டு, "கூண்டு போச்சுன்னா அப்பால எங்களுக்குள்ள வெட்டுக்குத்துதான். நீ உங்கம்மா வூட்ட மறந்துடு"ன்னாரு. எங்கண்ணன் மட்டும் சளைச்சவனா? மீன் கூடையோட மார்க்கெட்டுல என்னைப் புடிச்சு, "கூண்டு போச்சுன்னா அவன் பொண்டாட்டி என் வாசப்படி மிதிக்கக்கூடாது"ன்னான். "நான் உன் தங்கச்சிடா"ன்னேன். "தங்கச்சி வரலாம், அவன் பொண்டாட்டி வரக்கூடாது"ன்னான். நான் இன்னா ரெண்டா பொளந்துக்கினா வர முடியும்? எங்கம்மா காசியம்மா அவன் வூட்லதான் கீது. கண்ணு செரியாத் தெரியாது. நான் போய்த் தலை வாரி உட்டா உண்டு, இல்லன்னா சிக்கோடயே உக்காந்துகினு இருக்கும். அந்த அம்மாவ நான் பாக்கணும்னா ஒரு செங்கல் கூண்டு உழாம நிக்கணும். நெனச்சா எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

எமர்ஜென்சி முடிஞ்ச மறுவருஷம், ஐப்பசி. பட்டணத்துலருந்து பழைய கட்டடம் பாக்கற ஆபீசர் ஒருத்தர் வராருன்னு சேதி வந்துச்சு. அவரு பாத்துட்டு, 'இது பழசு, இதைக் காப்பாத்தணும்'னு எழுதிட்டா கூண்டு நிக்கும். 'இதுல ஒண்ணுமில்ல'ன்னு எழுதிட்டா காண்ட்ராக்டர் கடப்பாறையோட வந்துடுவான். இந்த ஒரு விஷயத்துல ரெண்டு குப்பமும் ஒரே கட்சி. ரெண்டு ஊருப் பெரியவங்களும் கூடிப் பேசி, "கோட்டப் பத்தி ஆபீசருகிட்ட எவனும் மூச்சு உடக்கூடாது. சொன்னா சர்க்காரு சங்கிலி எடுத்துக்கினு வந்து ஏரியவே அளந்துடும்"னு கண்டிசன் போட்டாங்க. அது வரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க. அப்பால ஒருத்தர், "பெரிய மனுஷன் வர்றப்போ அது ஏன் அழுக்கா நிக்குது?"ன்னாரு பாரு, அங்க புடிச்சுது சனி.

எங்க ஊர்ல கல்யாணம்னாலும் வெள்ளை அடிப்போம், கோயில் திருவிழான்னாலும் வெள்ளை அடிப்போம், கலெக்டர் வந்தப்போ தென்ன மரத்துக்குக் கூட அடிச்சோம். கிளிஞ்சலுக்கா பஞ்சம்? ரெண்டு ஊரு ஆம்பளைங்களும் அண்டா அண்டாவா சுண்ணாம்பு கரைச்சுக்கினு கெளம்பிட்டாங்க. வடக்குப் பாதிக்கு வடகுப்பம், தெக்குப் பாதிக்கு தென்குப்பம். எவன் பக்கம் வெளுப்புன்னு போட்டி. ஏணி எட்டற வரைக்கும் மட்டையால அடிச்சாங்க, எட்டாத எடத்துக்கு வாளியோட வீசி அடிச்சாங்க. வீசுனதுல பாதி அவனுங்க தலை மேலயே உழுந்துச்சு. ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல மட்டும், அடுத்த ஊரு எல்லைல கை வெச்சிடப் போறோம்னு பயந்து, ரெண்டு பேரும் தள்ளியே அடிச்சானுங்க. கீழருந்து மேல வரைக்கும் சாண் அகலத்துக்கு ஒரு பட்டை செவப்பாவே நின்னுபோச்சு.

ஆபீசர் வந்த அன்னிக்கு வானம் பொத்துக்கினு ஊத்துது. ரோடெல்லாம் முழுகிப்போச்சு, கால்வா வழியாத்தான் போவணும். படகு எங்களுது. எதிர்காத்து. கழி ஊணி மட்டும் தள்ளிட முடியாது, கரைல ஒரு ஆளு கயிறு புடிச்சு இழுத்தே ஆவணும். "எங்க ஊரு ஆளும் ஒருத்தன் கூட இருக்கணும்"னு வடகுப்பத்துல புடிவாதம் புடிச்சு, கயிறு இழுக்க அனுப்பினது யாரைங்கற? எங்கண்ணனத்தான். படகுல கழியோட எங்க வூட்டு ஆளு, கரைல கயித்தோட எங்கண்ணன், நடுவுல ஆபீசரு. ஊருப் பெரியவங்க என்னைப் பாத்து, "செல்வம், நீயும் போ. சோறு எடுத்துக்கோ"ன்னாங்க. சோத்துக்காக இல்லன்னு எனக்குத் தெரியாதா?

ஆபீசர் பேரு இளங்கோவன். ஒல்லியா, பேன்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கினு, பெரிய குடையோட வந்தாரு. படகுல தார்ப்பாய் கட்டியிருந்தோம். "உள்ள உக்காருங்க சார்"னா கேக்கல. "வழி நெடுக பாக்கணும்மா"ன்னு முன்னாடி போய்க் குடையப் பிரிச்சாரு. வாடைக்காத்து ஒண்ணு அடிச்சுது பாரு, குடை பாய் கணக்கா உப்பி, படகு அப்பிடியே திரும்பி வந்த வழியப் பாத்துகினு நின்னுச்சு.

"செல்வம், கயித்த லூசு உடச் சொல்லு!" இது என் புருஷன்.

"ண்ணா, கயித்த லூசு உடணுமாம்!"

"ஆபீசரக் குடைய மடக்கச் சொல்லச் சொல்லு அவன!" இது எங்கண்ணன் கரைலருந்து.

"யோவ், ஆபீசரக் குடைய மடக்கச் சொல்லணுமாம்யா!"

"அதை அவனே சொல்லக் கூடாதான்னு கேளு!"

நான் யாருகிட்ட இன்னா கேக்கறது? "சார், குடைய மடக்குங்க சார்"னு நானே கத்தினேன். மனுஷன் பயந்து மடக்கிட்டாரு.

கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. அப்பால என் புருஷன், "முன்னால மண்திட்டு கீது, இழுக்காம நிக்கச் சொல்லு"ன்னாரு. நான் தார்ப்பாய்க்குள்ள குழம்புச் சட்டி ஆடாம முட்டுக் குடுத்துகினு இருந்தேன். வெளிய தலைய நீட்டி, "ண்ணா"ன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள டமால்னு படகு திட்டுல ஏறிடுச்சு. குழம்புச் சட்டியப் புடிச்சிட்டேன். ஆபீசரப் புடிக்கல. அவரு கவுந்தடிச்சு என் சோத்து மூட்டை மேல உழுந்து எந்திரிச்சு, மூக்குக் கண்ணாடியத் தேடிகினே கேட்டாரு.

"ஏம்மா, கரையில இருக்கறவருக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும் சார்."

"அப்ப இவருக்கு?"

"இவருக்கும் கேக்கும் சார். அவரு எங்கண்ணன், இவரு எங்க வூட்டுக்காரரு."

ஆபீசர் கண்ணாடியத் தொடைச்சிப் போட்டுக்கினு, மொதல்ல கரையப் பாத்தாரு, அப்பால கழியப் பாத்தாரு. "புரிஞ்சுது. எங்க வீட்ல என் பொண்டாட்டியும் என் தங்கச்சியும். நடுவுல நான்"னாரு. அந்த நிமிஷமே எனக்கு அவர ரொம்பப் புடிச்சிப்போச்சு.

கம்பெனி கிட்டக்கப் போனோம். தூரத்துலருந்தே கூண்டு தெரிஞ்சுது. ராத்திரியெல்லாம் மழை. இருந்தும் சுண்ணாம்பு போதுமான அளவு ஒட்டிக்கினுதான் இருந்துச்சு. எங்க வூட்டு ஆளுக்கு மூஞ்செல்லாம் பல்லு. எங்கண்ணன் கயித்த உட்டுட்டு இடுப்புல கை வெச்சுகினு நிக்கறான், அவனே பெத்து வளத்த மாதிரி. ஆபீசர் எறங்கி, சேத்துல காலப் பதிச்சுக்கினே போய், அண்ணாந்து பாத்து, கையால தடவி, வெள்ளையா ஆன கையப் பாத்தாரு.

"என்னம்மா இது? புதுசா கட்டினதா? நூறு வருஷத்துக் கட்டடம்னு எழுதியிருந்தாங்களே. இதுக்கா நான் மழைல வந்தேன்?"

எனக்குக் கண்ணு முன்னால அம்மாவோட சிக்குத் தலைதான் வருது. அந்த ரெண்டு ஆம்பளைங்களும் வாயத் தொறக்கணுமே? தொறக்கல. இவரு என்னைப் பாக்கறாரு, அவன் என்னைப் பாக்கறான். "செல்வம், பழசுன்னு சொல்லு"ங்கறாரு இவரு. "பாப்பா, ரொம்பப் பழசுன்னு சொல்லு"ங்கறான் அவன்.

"சார், இங்க வாங்க"ன்னு அவரு கையப் புடிச்சே இழுத்துகினு போனேன். ஆபீசர் கையப் புடிக்கலாமா கூடாதான்னெல்லாம் யோசிக்க நேரமில்ல. அந்த சாண் அகலப் பட்டைக்கு முன்னாடி நிறுத்தினேன். "இது பழசா, புதுசா? பாத்துச் சொல்லுங்க. மீதியெல்லாம் உங்களுக்கு மருவாதி பண்றதா நெனச்சு எங்க ஊரு தடிமாடுங்க நேத்து அடிச்ச வெள்ளை."

ஆபீசர் குனிஞ்சு செங்கல்லுக்குக் கிட்ட மூக்க வெச்சாரு. நகத்தால சொரண்டிப் பாத்தாரு. அப்பிடியே அவரு மூஞ்சி மலர்ந்துச்சு, பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு புடிச்சிப்போன மாதிரி. "அம்மா, இது பொக்கிஷம்மா! இந்தச் சுண்ணாம்புக் காரையப் பாருங்க! இந்த வெள்ளையெல்லாம் உடனே போகணும். முழுசாப் பாக்கணும், போட்டோ எடுக்கணும்."

சொன்னதுதான் தாமசம். கழியப் போட்டுட்டு இவரு தேங்கா நாரு எடுத்தாரு, எங்கண்ணன் கிழிஞ்ச வலைய உருண்டையா சுருட்டிக்கினான். தெக்குப் பாதி இவரு, வடக்குப் பாதி அவன். நேத்து அடிக்கறதுல போட்டி, இன்னிக்குத் தேய்க்கறதுல போட்டி. மேலருந்து மழை கழுவ, கீழருந்து இவனுங்க தேய்க்க, சுண்ணாம்புத் தண்ணி எங்க எல்லாரு மேலயும் ஓடுது. ஆபீசரு மீசை வெளுத்துப்போச்சு. எனக்குத் தலை, புடவை எல்லாம் வெள்ளை. செவப்புச் செங்கல் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வர வர, ஆபீசரு குதிக்காத கொறை. "இதக் காப்பாத்தணும்னு இன்னிக்கே எழுதறேன். இது இன்னும் நூறு வருஷம் நிக்கும்மா"ன்னு கூண்ட ஒரு தட்டுத் தட்டினாரு. நான் மனசுக்குள்ளயே அம்மா தலைக்கு எண்ணெ வெச்சு முடிச்சிட்டேன்.

அப்பத்தான் அவரு பையிலருந்து நூலு கட்டுன குண்டு ஒண்ண எடுத்துத் தொங்க உட்டுப் பாத்து, "கொஞ்சம் சாஞ்சிருக்கு. வடக்குப் பக்கமா. பழைய கட்டடம்னா அப்படித்தான், பயமில்ல"ன்னாரு.

எங்கண்ணன் தேய்க்கறத நிறுத்தினான். ஏரிப்பக்கம் பாத்தான். லைட்டவுசுப் பக்கம் பாத்தான். மறுபடியும் ஏரியப் பாத்தான். அவன் மண்டைக்குள்ள ஓடுனது எனக்கே கேட்டுச்சு.

"டேய் எல்லப்பா!"

நான் அதிர்ந்து போயிட்டேன். நேராக் கூப்பிடறான்! அதுவும் பேரச் சொல்லி!

"கூண்டு வடக்கால சாஞ்சா கோடும் வடக்கால வந்திருக்குதுடா! இத்தினி வருஷமா எங்க தண்ணியில மீன் புடிச்சுத் தின்னுகினு கீறீங்க, கொள்ளைக்காரப் பசங்களா!"

"யார்ரா கொள்ளைக்காரன்?" இவரும் நேரா! "அது ஏன் வடக்கால சாஞ்சுது? உங்க ஊரு அடுப்புல எல்லாம் எந்தச் செங்கல் கீது? வடக்குப் பக்கம் அடியில தோண்டித் தோண்டிப் புடுங்குனது நீங்க. உன் செங்கல்ல நீ புடுங்குன, உன் தண்ணி போச்சு. அதுக்கு நான் இன்னாடா பண்ணுவேன்?"

"நீங்க மட்டும் புடுங்கலியா?"

"புடுங்கினோம்! ஆனா கணக்கா புடுங்கினோம்!"

ஆபீசர் என்கிட்ட ஓடியாந்தாரு. "என்னம்மா கோடு? என்ன தண்ணி? எதுக்குச் சண்டை?"

கோட்டப் பத்தி மூச்சு உடக்கூடாதுன்னு கண்டிசன். ஆனா எவ்ளோ நாளுதான் அடுத்தவங்க பேச்சையே பேசிகினு இருக்கறது? வந்துச்சு எனக்கு ஆத்திரம். "சார், இந்தக் கூண்டும் லைட்டவுசும்தான் எங்க ரெண்டு ஊருக்கும் எல்லை. இது உழுந்துச்சுன்னா நான் எங்கம்மாவப் பாக்கக்கூடாதாம் சார்! கண்ணு தெரியாத எங்கம்மாவ! நீங்க பழசுன்னு எழுதுங்க, புதுசுன்னு எழுதுங்க, எனக்கு அது தேவையில்ல. எங்கம்மா வூட்டுக்கு நான் போவணும். அதை எழுத முடியுமா உங்களால?"

ஆபீசர் மீசைலருந்து சுண்ணாம்பு சொட்ட நின்னாரு. "அதுக்கு என் ஃபாரத்துல எடமில்லியேம்மா"ன்னாரு. பாவம், அவரு கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. சுண்ணாம்பு பட்டுக் கூட இருக்கலாம்.

அந்தப் பக்கம் சண்டை நிக்கல. எங்கண்ணன் கூண்டு அடியில உக்காந்து, எந்த ஊருக்காரன் எந்தச் செங்கல்ல எடுத்தான்னு ஓட்டைல கை உட்டுக் காட்டறான். இவரும் பக்கத்துலயே குந்திகினு, "இது நாங்க இல்ல, இது நீங்க"ன்னு ஆட்டி ஆட்டிப் பாக்கறாரு. எனக்கு வெறுத்துப்போச்சு. "இப்ப ரெண்டு பேரும் படகுக்கு வந்து சாப்பிடறீங்களா, இல்ல எறாக் குழம்பக் கால்வால கொட்டட்டுமா?"ன்னு சட்டியத் தூக்கிக்கினு போய் ஓரத்துல நின்னேன். நான் சொன்னா செய்வேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். எங்கண்ணன் ஒருவாட்டி என் பொம்மையப் புடுங்கினதுக்கு அவன் வலைய அடுப்புல போட்டவ நான். ரெண்டும் எந்திரிச்சு ஓடியாந்துச்சுங்க. ஆபீசரும் கூடவே ஓடியாந்தாரு.

தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்து மொத வாய் வெச்சிருப்பாங்க. கரகரன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, கூண்டு பைய வடக்கால தலைய சாய்ச்சுது. கொஞ்ச நேரம் அப்பிடியே யோசிச்சுது. அப்பால இடி உழுந்த மாதிரி சேத்துல போய்ப் படுத்துக்கிச்சு. படகு ஒரு ஆட்டம் ஆடிச்சு. தார்ப்பாய் மேலெல்லாம் சேறு. ஆபீசர் கைல எறா, வாய் தொறந்தபடியே. நான் மட்டும் அவனுங்களச் சாப்பிடக் கூப்பிடலன்னா ரெண்டு பேரும் அந்தச் செங்கல்லுக்கு அடியிலதான்.

நான் குழம்புச் சட்டியக் கீழ வெச்சிட்டு ஓன்னு அழுதுட்டேன். வெக்கமெல்லாம் படல. என் தாய் வூடு இல்ல சேத்துல கெடக்குது?

எங்கண்ணன் எறங்கிப் போனான். இவரும் பின்னாலயே போனாரு, கழிய எடுத்துகினு. சரி, அடிச்சிக்கப் போறானுங்கன்னு நானும் ஓடினேன். கூண்டோட அடி மட்டும் இடுப்பு ஒசரத்துக்கு நின்னுகினு இருந்துச்சு. ரெண்டு பேரும் அதைச் சுத்திச் சுத்தி வந்தாங்க.

"நுனிதான சாஞ்சுது? அடி சாயலியே"ன்னான் எங்கண்ணன்.

"அடி நகரல. கட்டுன எடத்துலயேதான் கீது"ன்னாரு இவரு.

"அப்ப நடு மையம் பாரு."

"பாத்துட்டேன். இங்க."

"கொஞ்சம் வடக்கால வை."

"உன் பக்கம் தள்ளி வெச்சு நீயே நஷ்டப்படப் போறியா? இதுதான் மையம். வேணும்னா முழம் போட்டுப் பாத்துக்கோ."

எங்கண்ணன் முழம் போட்டுப் பாத்தான். "செரி, நடு"ன்னான். இவரு கழிய மையத்துல ஊணினாரு, எங்கண்ணன் செங்கல்லாப் பொறுக்கியாந்து முட்டுக் குடுத்தான். தலைத்துண்ட அவுத்து நுனில கட்டினான். மழை உட்டதும் பனை மரமா நட்டுடலாம்னு பேசிக்கினாங்க. பேசிக்கினாங்கன்னா, அவங்களே! நான் பக்கத்துல நனைஞ்சுகினு நிக்கறேன், ஒருத்தன் கூட என் மூஞ்சியப் பாக்கல.

ஆபீசர் குடைக்குள்ள நின்னு அதையே பாத்துகினு இருந்தாரு. "அம்மா, நான் தட்டினதாலயா விழுந்துச்சு?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "இல்ல சார், ரெண்டு ஊரு அடுப்பும் சேந்து தள்ளிச்சு"ன்னேன். "மழையினால நான் இங்க வந்து சேரவே முடியலன்னு எழுதிடறேன்"னாரு.

திரும்பிப் போறதுக்குக் கழி இல்ல. அது எல்லைக்குப் போயிடுச்சு. வேற வழியில்லாம ரெண்டு பேரும் கரைல எறங்கி, ஒரே கயித்த ஆளுக்கொரு தோள்ல போட்டுக்கினு இழுத்தாங்க. "நீ வேகமாப் போற", "நீதான் மாடு மாதிரி நடக்கற"ன்னு வழியெல்லாம் வாய்ச்சண்டை. நான் படகுல சும்மா உக்காந்திருந்தேன். அவ்ளோ நாளுக்கு அப்பால சும்மா இருந்தேன்.

வடகுப்பத்துத் துறை வந்துச்சு. "நிறுத்துங்க"ன்னேன். நின்னாங்க. நான் எறங்கிக் கரை மேல ஏறி, ரெண்டு பேருக்கும் நடுவுல போய் நின்னேன்.

"கூண்டு உழுந்துடுச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்க. இப்ப நான் எங்கம்மாவப் பாக்கப் போறேன். எவன் தடுக்கறீங்க, வாங்க."

இவரு கயித்தப் பாத்தாரு. எங்கண்ணன் கால் கட்டைவெரலப் பாத்தான். அப்பால எங்கண்ணன்தான் மொதல்ல வாயத் தொறந்தான். என்கிட்ட இல்ல. "மச்சான், ஆபீசர உட்டுட்டு நீயும் வந்துடு. ராத்திரிக்கு சுறாப்புட்டு கீது"ன்னான். "பாக்கலாம்"னாரு இவரு. பாக்கலாம்னா வருவாருன்னு அர்த்தம். பதினாறு வருஷமா அந்த ஆளோட குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?

நான் நிக்கல. சேத்துல வழுக்கி வழுக்கி ஓடினேன். எங்கம்மா கதவத் தொறந்து வெச்சு, சாரல் அடிக்கற எடத்துலயே உக்காந்து அழுதுகினு இருந்துச்சு. கூண்டு உழுந்த சத்தம் அங்க வரைக்கும் கேட்டிருக்குது. ஊரெல்லாம் எல்லை போச்சே, மீன் போச்சேன்னு கத்திகினு ஓடியிருக்காங்க. எங்கம்மா மட்டும், 'போச்சு, இனிமே எம்பொண்ணு வரமாட்டா'ன்னு அங்கியே உக்காந்துடுச்சு.

நான் போய் முன்னால நின்னேன். தலைலருந்து கால் வரைக்கும் சுண்ணாம்பு. எங்கம்மா கண்ண இடுக்கிப் பாத்துட்டு, பின்னால நகந்துச்சு.

"யாரும்மா நீ?"

"நான்தாம்மா, செல்வம்."

எங்கம்மா கைய நீட்டி என் மூஞ்சியத் தடவிச்சு. மூக்கத் தடவிச்சு, காதத் தடவிச்சு. அப்பால பளார்னு என் முதுகுல ஒண்ணு வெச்சு, "வர்றவ மழைல நனைஞ்சுகினா வருவ?"ன்னு முந்தானைய அவுத்து என் தலையத் தொவட்ட ஆரம்பிச்சுது.